ஆறு வெடியும் ஒரு நெய்ப்போத்தலும்

அந்த யோசனை எனக்கு வந்தது ஃபிரிஜ்ஜுக்கு முன்னால், ஜாம் எடுக்கப் போன இடத்தில். கதவைத் திறந்ததும் முன்வரிசையில் நெய்ப்போத்தல் நின்றது. எடுத்துத் தலைகீழாகப் பிடித்தேன். நெய் அசையவில்லை. குலுக்கிப் பார்த்தேன். கல்லுப் போல இருந்தது. ஜாமை மறந்து, போத்தலோடு பின்வளவுக்கு ஓடினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. சிட்னியின் ஹோம்புஷில் ஒரே வீட்டில் நாங்களும் மாமா, மாமியும் சித்தப்பாவும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். மாமா வாரநாள்களில் ரயில்வே எஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் போன நூற்றாண்டுக்காரர். பிஸ்டல் கிளப்பில் அநேகமாக எல்லோரும் கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட, மாமா மட்டும் பழங்கால மாதிரியில் செய்த ரிவால்வர் ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிந்தார். அதற்குத் தோட்டா கிடையாது. அதன் உருளையில் ஆறு அறை. ஒவ்வொன்றிலும் கரிமருந்து என்ற பழைய கறுப்பு வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து அழுத்தி, மேலே கொழுப்புப் பூசி மூடவேண்டும். மூடாவிட்டால் ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்கும் தாவிவிடும்.

சித்தப்பாவிடம் புதிய பிஸ்டல் இருந்தது. அவர் சுட்டால் ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புகையுமில்லை, மணமுமில்லை. இருவருக்கும் இதே பேச்சு.

“ஃபாக்டரியிலை ஆரோ சமைச்சதைத் தகரத்திலை அடைச்சு விக்கிறான்” என்பார் மாமா. “நீ தகரத்தைத் திறந்துபோட்டு, நான்தான் சமையல்காரன் எண்டுறாய்.”

“அத்தான், நீங்கள் சமைச்சு முடிக்கிறதுக்குள்ளை விருந்தாளி சாப்பிட்டுக் கையும் கழுவிப்போடுவான்.”

“உன்ரை மருந்து கூடாதெண்டு நான் சொல்லேல்லை. பலம் இருக்கு, சுத்தம், துருவும் பிடிக்காது. ஆனா வெடிச்சது வெடிச்சவனுக்கே தெரியேல்லையே!”

துரு என்றதும் மாமி குசினியிலிருந்து வெளியே வந்துவிடுவார். கரிமருந்தின் கறுப்பை அன்றைக்கே கொதிதண்ணீரில் கழுவாவிட்டால் இரும்பு கெட்டுவிடும். மாமா கழுவுவது மாமியின் சிங்கில், கூழ்முட்டை நாற்றத்தோடு. காயவைப்பது மாமியின் அவணில். ஒருமுறை பிறந்தநாள் கேக்குக்கு அவணைத் திறந்தால் உள்ளே ரிவால்வர் சுடச்சுட இருந்தது.

போதாததற்குக் கொழுப்பும் பிரச்சினையாயிற்று. கிளப்பில் மற்றவர்கள் பூசியது மாட்டுக்கொழுப்பு. அது எங்கள் வாசல்படி ஏறாது. மாமா தேங்காயெண்ணெயை உறையவைத்துப் பூசினார். சிட்னி வெயிலுக்கு அது உருகி உள்ளே இறங்கி மருந்தை நனைத்தது. முந்தின ஞாயிறு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆறில் இரண்டு ‘சிக்’ என்று முனகிவிட்டுச் சும்மா இருந்தன. சித்தப்பா சிரித்த சிரிப்பை மாமி கேட்டார். அன்றிரவுச் சாப்பாட்டில் தீர்ப்புச் சொன்னார்.

“வாற ஞாயிறு ஆறும் வெடிக்கவேணும். ஒண்டு தவறினாலும் அந்தக் கறுப்புச் சனியனை வித்துப்போட்டுத் தம்பியின்ரை மாதிரி ஒண்டு வாங்குங்கோ. எனக்கு என்ரை குசினி வேணும்.”

மாமா “ஓம்” என்றார். அந்த ஓமுக்குப் பிறகு அவர் சோறே சாப்பிடவில்லை. நானும் தட்டைத் தள்ளிவைத்தேன். அந்தப் புகைக்காகவே நான் ஞாயிறுகளுக்குக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை நெய்ப்போத்தலோடு நான் ஓடிய காரணம் இதுதான். மாமா போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார், விரலால் நெய்யை அமுக்கிப் பார்த்தார், என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மாமிக்குத் தெரியாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் வழித்தெடுத்து, ஐஸ்பெட்டியில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே வைத்தோம்.

ஞாயிறு வெயில் கொளுத்தியது. சித்தப்பா முதலில் சுட்டார். டப், டப், டப். குறிக் கடதாசியில் நடுவட்டத்தைச் சுற்றி அழகான ஓட்டைகள். பிறகு மாமா மேசையருகே நின்று, பூசைக்குச் சந்தனம் வைப்பதுபோல ஒவ்வோர் அறைக்கும் நெய் வைத்தார். கயிற்றுக்குப் பின்னால் நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியின் கை ஏனோ ஈரமாக இருந்தது.

முதல் வெடி! மாமா மறைந்துபோனார். வெள்ளைப் புகை மட்டும் நின்றது. அது விலகுமட்டும் எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டு. மூன்று. நான்காவதோடு எங்கள் பக்கம் காற்றுத் திரும்பியது. நெய் கருகிய மணம், அசல் கோயில் மணம். கிளப்பின் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மூக்கை உறிஞ்சி, “மேட், அங்கே என்ன, கேக்கா சுடுகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கத்தினார். ஐந்து. ஆறாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டேன். அது வெடித்த வெடியில் மரத்திலிருந்த கொக்கட்டூக் கிளிகள் எல்லாம் திட்டிக்கொண்டு பறந்தன.

மாமாவின் கடதாசியில் ஓட்டைகள் நாலு மூலைக்கும் சிதறிக் கிடந்தன. சித்தப்பாதான் வென்றார். ஆனால் கிளப்பே மாமாவைச் சுற்றி நின்றது. சித்தப்பா தன் அழகான கடதாசியை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டு மெல்ல வந்தார்.

“அத்தான்... நான் ஒருக்கா?”

புகைக்குள்ளிருந்து அவர் வெளியே வந்தபோது மூக்கெல்லாம் கரி, வாயெல்லாம் பல்லு. அன்று பின்னேரம் சிங்கில் இரண்டு ஆம்பிளைகள் கொதிதண்ணீரோடு மல்லுக்கட்டினார்கள். “ஒண்டு போய் இப்ப ரெண்டாச்சு” என்று மாமி பெரிதாகப் புறுபுறுத்தார். அவணை மட்டும் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தார்.

எங்கள் வீடுகளில் நெய் இருப்பது அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில். ஃபிரிஜ்ஜில் யாரும் வைப்பதில்லை. அந்த வயதில் இது எனக்கு உறைக்கவேயில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஜாம் எடுக்கப் போனேன். நெய்ப்போத்தல் அதே முன்வரிசையில் நின்றது. பக்கத்தில், சின்னத் தட்டில், மஞ்சளாய் ஒரு தேன்மெழுகுக் கட்டி. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அட, இரண்டையும் உருக்கிக் கலந்தால் எந்த வெயிலுக்கும் இளகாதே!

“மாமா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.