'வரமாட்டோம்' என்றொரு பட்டன்

"தம்பி, எங்களை வர வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?"

போன புதன்கிழமை காலை, பல் தீட்டிக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு. அச்சுவேலியில் இருக்கும் என் மனைவியின் பெரியம்மா. வாயில் நுரையோடு, "ஐயோ, ஆர் சொன்னது பெரியம்மா?" என்றேன்.

"உங்கடை பட்டன் சொல்லுது!"

உண்மைதான். பட்டனைச் சொல்லவைத்த புண்ணியவானும் நான்தான்.

என் மச்சானின் மகள் தர்சினிக்குக் கல்யாணம். மண்டபம் கொக்குவிலில். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சொஃப்ட்வெயார் கம்பனியில் வேலை. வீடு வீடாய்ப் போய்க் கார்ட் கொடுத்த கையோடு, எல்லோருடைய போனுக்கும் ஒரு லிங்க் அனுப்பத் திட்டம். திறந்தால் மணமக்கள் படம். கீழே இரண்டு பட்டன். யார் யார் வருவார்கள் என்று தெரிந்துவிடும்.

"மாமா, நீங்கள் எழுதுற ஆள்தானே. பட்டனிலை போட ரெண்டு சொல் தாங்கோவன்."

வாராவாரம் பத்தி எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கிறவனுக்கு இரண்டு சொல் ஒரு வேலையா? சேவ் எடுத்தபடியே சொன்னேன் - 'வருவோம்', 'வரமாட்டோம்'. சுருக்கம்! தெளிவு! கண்ணாடியில் தெரிந்த ஆளை மெச்சிக்கொண்டேன்.

ஆனால் விஷயம் விளையாட்டல்ல. தர்சினியின் அக்கா கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குச் சோறு தட்டுப்பட்டது. மச்சான் கைகூப்பியபடி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அன்று அவர் வாயில் ஒரு பருக்கை படவில்லை. ஊர் அதை மறக்கவில்லை... மறந்தாலும் ஞாபகப்படுத்த ஆள் இருக்கிறது. "இந்தமுறையாவது அப்பா இருந்து சாப்பிட வேணும் மாமா" என்று தர்சினி சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வர ஏலாது. ஆனால்... "நல்ல காரியத்துக்கு வரமாட்டம் எண்டு நான் என்ரை கையாலை அமத்துறதோ?"

அமத்தவில்லை. அவர் மட்டுமா? ஒருவரும் அந்தப் பட்டனைத் தொடவில்லை. இந்த ஊரில் யார், யாருக்கு, எப்போது முகத்துக்கு நேரே 'வரமாட்டன்' சொன்னார்கள்? 'பாப்பம்' என்போம். 'வரத்தான் பாக்கிறம்' என்போம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பேனா பிடித்தால் மறந்துவிடுகிறது.

'வருவோம்' பட்டனோ தேய்ந்தே போனது. லண்டனில் இருக்கும் சித்தப்பாகூட அதை அழுத்தியிருந்தார். போன் எடுத்துக் கேட்டேன்: "டிக்கெட் போட்டிட்டியளோ?"

"எங்கை லீவு? மனசாலை வருவம்தானே!"

சமையல்காரரிடம் இதைச் சொன்னேன். "ஐயா... மனசாலை வாறவைக்கும் இலை போடுறதோ?"

வெள்ளிக்கிழமை காலை அவருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனைப் பார்ப்பதும், முற்றத்தில் நடப்பதும், திரும்பப் போனைப் பார்ப்பதும்... தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. "கலியாணம் அவளுக்கோ, உங்களுக்கோ?" என்றாள் மனைவி.

பதற்றம் வந்தால் மனிதன் என்ன செய்வான்? இலக்கியம் செய்வான். 'தங்கள் பொன்னான வருகை எமக்குக் கிட்டுமா?' என்று எழுதினேன். கீழே இரண்டு பட்டன் - 'கிட்டும்', 'கிட்டாது'.

தர்சினிக்கு அனுப்பிய சற்று நேரத்தில் அவளே வந்துவிட்டாள். ஸ்கூட்டியை நிறுத்திய விதத்திலேயே கோபம் விளங்கியது.

"என்ன மாமா இது? சாத்திரியார் பலன் சொல்லுற மாதிரிக் கிடக்கு!"

"அப்ப மரியாதையா எப்பிடிப் பிள்ளை கேக்கிறது?"

"எனக்கு அவையின்ரை மனசு தெரிய வேண்டாம் மாமா. எத்தினை இலை போடுறது எண்டு தெரிஞ்சாக் காணும்!"

"அதையே எழுது."

எழுதினாள். 'உங்கள் வீட்டுக்கு எத்தனை இலை போட?' கீழே எண்கள். அவற்றுக்கும் கீழே ஒரு பட்டன் - 'வீட்டிலிருந்தே வாழ்த்துகிறோம்'. அது என் கைவண்ணம். மறுக்காமல் மறுக்கத் தெரிந்த ஊர்க்காரன் அல்லவா!

பொழுதுபடுவதற்குள் பதில்கள் கொட்டின. லண்டன் சித்தப்பா வீட்டிலிருந்தே வாழ்த்தினார். பெரியம்மாவும் வாழ்த்தினார். பட்டனை அழுத்துவது என்றால் என்ன? அதில் எழுதியிருப்பதை ஒருவர் தன் வாயால் சொல்வது. வாயில் வராத சொல்லை எழுதிவைத்தால் விரல் எப்படி வரும்?

ஞாயிறு. மண்டப வாசலில் ஒரு ஓட்டோ. உள்ளேயிருந்து பெரியம்மா இறங்குகிறார் - கூடவே பக்கத்து வீட்டார் இரண்டு பேர். மூன்று இலை கூட என்று எண்ணிக்கொண்டே ஓடினேன்.

"பெரியம்மா... வீட்டிலை இருந்து வாழ்த்துறம் எண்டெல்லோ அமத்தினனீங்கள்?"

"ஓம் தம்பி. வாழ்த்திப்போட்டுத்தானே வெளிக்கிட்டனான்!"

சமையல்காரர் கைகாவலாய்க் கூடுதலாக வைத்திருந்த இலைகளில் அவர்கள் அமர்ந்தார்கள். பந்திக்குப் பந்தி நான் சமையல்கட்டை எட்டிப் பார்த்தேன். கடைசிப் பந்தி. கூறைச் சேலையோடு வந்த தர்சினி, தகப்பனின் கையைப் பிடித்து இருத்தினாள்.

"அத்தான், சோறு எல்லாருக்கும் காணுமோ?" என்று என்னைக் கேட்டார் மச்சான்.

"காணும். நீர் இரும்."

மச்சான் சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு கேட்டும் சாப்பிட்டார். அப்பாடா என்று பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எனக்கு இலை வரவில்லை.

தர்சினி போனைத் தட்டிப் பார்த்தாள். "மாமா... நீங்கள் ஒண்டுமே அமத்தேல்லையே!"

மச்சான் தன் இலையில் இன்னும் தொடாத வடையை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்... 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கும் வராதே!