கல்மேக்காரி கட்டிய பாலம்

டோல்னே ஓடைப் பாலத்தை அரசாங்கம் கட்டியது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிமெண்டு அரசாங்கத்துடையது, சரி. பாலம் என் ஓரகத்தி கல்மேக்காரியுடையது. முந்நூற்று முப்பத்தைந்து மூட்டையும் என் கண்ணெதிரே வந்து இறங்கின. அதனால் என்னிடம் யாரும் வேறு கதை சொல்ல வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் வாழ வந்த பெண்ணுக்குப் பெயர் கிடையாது. எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊர்தான் அவள் பெயர். என் ஓரகத்தி கல்மேயிலிருந்து வந்தவள், ஆகவே ஊருக்குக் கல்மேக்காரி, எனக்கு அக்கா. கல்யாணப் பல்லக்கு ஓடைக்கரைக்கு வந்தபோது தூக்கி வந்தவர்கள் ஓடைக்குள் கால்வைத்துக் கடக்கப் போட்டிருந்த தாண்டுகற்களைப் பார்த்துத் தயங்கினார்களாம். பதினேழு வயசுப் பெண் திரையை விலக்கி இறங்கி, பாவாடையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தானே நடந்து அக்கரை போய்விட்டாள். எங்கள் மாமியார் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் குத்திக் காட்டினார். போர் வந்த வருஷம் ராணுவத்துக்குச் சுமை தூக்க என்று ஆள் பிடித்தார்கள். என் மூத்தார், அதாவது அவள் புருஷன், போனார், வரவில்லை. மடியில் ஒரு பெண் குழந்தை, மலையடியில் ஒரு மிளகாய்க் கொல்லை, அவ்வளவுதான் அக்காவுக்கு மிச்சம். நான் அந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்ததிலிருந்து பதினேழு வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தோம்.

எங்கள் ஊரான டோல்னேயின் மிளகாய்க்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயர் எங்களுக்குச் சோறு போடவில்லை. ஓடைக்கு இந்தப்பக்கம் வண்டி வராது. சுமைச்சட்டத்தில் முதுகில் ஏற்றிக்கொண்டு தாண்டுகற்கள் மேல் போக வேண்டும். அக்கரையில் குவாக் என்கிற வியாபாரி லாரியில் சாய்ந்துகொண்டு நிற்பான். வேறு வியாபாரி யாரும் அந்தக் கரடுமுரடான பாதைக்கு வர மாட்டான். அது குவாக்குக்கும் தெரியும்.

“ஈரமா இருக்கே” என்பான், ஒரு மிளகாயை ஒடித்துப் பார்த்து.

“கல்லுல கால் வழுக்கி நனைஞ்சுது” என்பாள் அக்கா.

“அதுக்கு நான் என்ன பண்ண? திருப்பித் தூக்கிட்டுப் போறியா?”

திருப்பித் தூக்கிக்கொண்டு போக யாருக்கு முதுகு இருக்கிறது? சந்தை விலையில் பாதிக்குக் கொடுத்துவிட்டு வருவோம். அந்தப் பாதி மாசியிலேயே தீர்ந்துபோகும். அதன் பிறகு பார்லி முற்றும்வரை பைன் மரப்பட்டையை இடித்துக் கஞ்சி காய்ச்சுவோம். எங்கள் வறுமைக்கு வேறு காரணம் எதையும் யாரும் தேட வேண்டியதில்லை. அது ஓடையின் அகலத்தில் இருந்தது.

எழுபதாம் வருஷம் அறுவடை முடிந்ததும் அக்கரையில் சிமெண்டு வந்து இறங்கியது. நாட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் இதே கணக்கு என்றார்கள். வீடுவீடாகப் பங்கு போடக்கூடாது, ஊருக்குப் பொதுவாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஊர்த்தலைவர் பியோங்சில், எங்களுக்குத் தாயாதி முறையில் மாமா, மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“தேர்தல் வந்தா ரப்பர் செருப்பு குடுப்பானுங்க. இது என்னடா புதுசா? சிமெண்டைக் கால்ல மாட்டிக்கவா முடியும்?” என்றார்.

மூட்டைகளைச் சுமந்து வந்து மூதாதையர் மண்டபத்து முற்றத்தில் அடுக்கினோம். ஆண்கள் கூட்டம் போட்டார்கள். ஒருவர் மண்டபத்துச் சுவரைப் பூச வேண்டும் என்றார், ஒருவர் கிணறு என்றார், ஒருவர் பாலம் என்றார். எழுந்து போகும்போது அரிசிக் கள் தீர்ந்திருந்தது, முடிவு வரவில்லை. அடுத்த கூட்டமும் அப்படியே.

இப்போது எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். ஆண்கள் கண்ணுக்குச் சிமெண்டு தெரிந்தது, எங்கள் கண்ணுக்கு மூட்டையின் காகிதம் தெரிந்தது. நாங்கள் தரையில் உட்கார்ந்து, தரையில் தின்று, தரையில் படுக்கிற ஜனங்கள். அடுப்புச் சூடு தரைக்கடியில் ஓடும். தரைமேல் ஒட்டிய காகிதம் கிழிந்தால் புகை மேலே வரும், பிள்ளைகள் இருமும். சிமெண்டு மூட்டைக் காகிதத்தைப் போல உறுதியான தரைக்காகிதம் எங்கும் கிடைக்காது. புது வருஷப் பண்டிகைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

“சிமெண்டை வைக்கோல் சாக்குல கொட்டி வெச்சுடுவோம். அது எங்க போகப்போகுது? காகிதத்த மட்டும் எடுத்துக்குவோம்” என்றாள் அக்கா.

“மாமா ஏதாவது சொன்னா?” என்றேன்.

“அவர் வீட்டுத் தரையையும் சேத்துத்தான் ஒட்டப்போறோம். என்ன சொல்லுவாரு?”

ஒரே காலையில் நாற்பது மூட்டையைப் பிரித்தோம். முகமெல்லாம் சாம்பலாகி, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்தோம். காகிதத்தை உதறி, அடுக்கடுக்காக ஒட்டி, ஊறவைத்து அரைத்த சோயாவோடு எண்ணெய் கலந்து துணியில் கட்டித் தேய்த்தோம். பழுத்த பேரிப்பழ நிறத்தில் தரை மின்னியது. பியோங்சில் மாமா தன் வீட்டுத் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டார்.

பனி உருகியது, மழை வந்தது. ஒருநாள் என் வீட்டுக்காரர் ஒரு வைக்கோல் சாக்கைத் தூக்கப் போனார். அசையவில்லை. காலால் எட்டி உதைத்துவிட்டு ஒற்றைக்காலில் குதித்தார். நாற்பதும் கல்லாகிப் போயிருந்தன. மேலே வைக்கோல் பின்னல் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. சிமெண்டுக் காகிதம் ஈரத்தைத் தடுக்கத்தான் அத்தனை மடிப்பு என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லையே!

பியோங்சில் மாமா முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தினார். “பொம்பளைங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்! அரசாங்கச் சொத்தக் கல்லாக்கிட்டீங்களே!”

“உங்க கையில இருந்து மட்டும் என்ன ஆச்சு மாமா? நாலு மாசமா கள்ளுக் குடம்தான் காலியாச்சு” என்றாள் அக்கா.

“வாய மூடு. மூட்டைய எண்ண ஆபீஸ்காரன் வர்றதுக்குள்ள இதெல்லாத்தயும் குழிதோண்டிப் பொதைக்கணும்.”

“பொதைக்க வேணாம். நான்தான் பிரிக்கச் சொன்னேன். நானே சொல்லிக்குறேன்.”

அவள் அப்படித்தான். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

வட்டார அலுவலகத்து இளைஞர் பியோ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தார். நடுவில் ஒரு கல் புரண்டு இடுப்புவரை நனைந்துவிட்டார். அந்தக் கோலத்திலேயே நின்று அறிவித்தார். பருவமழைக்கு முன்னால் எந்த ஊர் ஒரு பொதுவேலையை முடித்துக் காட்டுகிறதோ அந்த ஊருக்கு அடுத்து ஐந்நூறு மூட்டையும் இரும்புக் கம்பியும் வரும். சும்மா இருந்த ஊருக்கு இனி ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. பிறகு கல்லாகிப்போன சாக்குகளைப் பார்த்தார்.

“யார் பண்ண வேலை இது?”

“நான்தான் தம்பி” என்று அக்கா முன்னால் வந்தாள். “நாப்பது மூட்டை. எழுதிக்குங்க. எழுதுறதுக்கு முன்னாடி உள்ள வந்து உக்காருங்க, நடுங்குறீங்களே.”

அவரைச் சூடான தரையில் உட்கார வைத்தாள். அவர் காற்சட்டை காயக் காயத் தரையைத் தடவிப் பார்த்தார். “எங்கம்மாகூட இந்தக் காகிதத்துக்காக அலைவாங்க” என்றார் மெதுவாக. அப்புறம் நோட்டைத் திறந்தார். “பேரு?”

“கல்மேக்காரின்னு போட்டுக்குங்க” என்றார் பியோங்சில் மாமா.

“அது ஊர் பேருங்க. இவங்க பேரு?”

மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷமாக அந்த ஊரில் இருப்பவளுடைய பெயர் ஒரு ஆளுக்கும் தெரியவில்லை.

“நோ கப்ரே” என்றாள் அக்கா. “நோ குடும்பப் பேரு, கப்ரே என் பேரு. சரியா எழுதுங்க தம்பி, அழிச்சு எழுத வெச்சுடாதீங்க. இன்னொண்ணும் எழுதுங்க. மழைக்கு முன்னாடி டோல்னேக்காரங்க வண்டி போற பாலம் கட்டுவாங்க.”

வெளியே வந்ததும் மாமா சீறினார். “யாரக் கேட்டு வாக்குக் குடுத்த?”

“கூட்டம் போடுங்களேன் மாமா. அதுக்குள்ள நாங்க கல்லு எடுக்குறோம்.”

மறுநாள் விடிந்ததும் ஓடையில் இறங்கினோம், ஒன்பது பெண்கள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. தட்டையான கல்லாகப் பார்த்துத் தலையில் சும்மாட்டின் மேல் தூக்கி வந்து கரையில் குவித்தோம். ஆண்கள் புகைக்குழாயோடு வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன கல்மேக்காரி, பாலமா, கோழிக்கூடா?”

“கோழிக்கூடுதான் மச்சான். கரையில நிக்கிற சேவல அடைக்கணும்ல?”

நாலாம் நாள் என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். ராணுவத்தில் ரயில்பாதைக்குக் கல் வளைவு கட்டியவர்களோடு மூன்று வருஷம் இருந்தவர் அவர். கம்பி இல்லாமலே கல்லை வளைவாக அடுக்கிச் சிமெண்டுப் பூச்சில் பிடிக்க வைக்கலாம், வண்டி தாங்கும், ஆனால் வளைவின் பாதத்தை வெள்ளம் அரித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்றார். பாதத்தைக் காக்கப் பெரிய பாறைகள் வேண்டும், அதை மலையிலிருந்து உருட்டி வர எங்களிடம் மாடும் இல்லை, ஆளும் இல்லை.

அக்கா திடீரென்று சிரித்தாள்.

“கொழுந்தனாரே, நாப்பது பாறை மண்டபத்து முற்றத்துல கிடக்கே! உருண்டையா, ஒரே அளவுல!”

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் வைக்கோல் அச்சுப் பதிந்த நாற்பதும் ஓடைக்கு வந்து சேர்ந்தன. தரையோடும் ஒன்றோடொன்றும் ஒட்டிக் கிடந்ததைப் பெயர்த்து உருட்ட ஆறு பேர் வேண்டியிருந்தது. ஆறு பேர் வேண்டும் என்றதும் கரையில் நின்றவர்களுக்கு நிற்க வெட்கமாகிவிட்டது. பியோங்சில் மாமாவே கடப்பாரையோடு வந்தார். வந்ததும் எல்லோரையும் அதட்ட ஆரம்பித்துவிட்டார். அதட்டட்டும் என்று விட்டுவிட்டோம், கடப்பாரையை மட்டும் நன்றாகப் போட்டார்.

பாலத்திலிருந்து ஊருக்குள் பாதை போட இடம் வேண்டியிருந்தது. அக்காவின் மிளகாய்க் கொல்லை நேரே குறுக்கே கிடந்தது. “இருக்குறதே அதுதானே அக்கா” என்று நான் அழுதேன். “அழாதடி. வண்டி வந்தா மிச்சக் கொல்லைக்கு முழு வெல கிடைக்கும். வரலன்னா முழுக் கொல்லைக்கும் பாதி வெலதான்” என்று சொல்லிவிட்டு, நாலு வரிசை நாற்றைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டாள். அதற்குப் பிறகு மற்ற நிலக்காரர்களும் ஆளுக்கு ஒரு முழம் விட்டுக்கொடுத்தார்கள்.

இரண்டு வளைவு. நடுக்கல்லை இறக்கி, கீழே முட்டுக்கொடுத்த கட்டைகளைத் தட்டி எடுத்தோம். நின்றது. எட்டு நாள் கழித்து வானம் பிளந்துகொண்டது. மூன்று நாள் மழை. மலையிலிருந்து வேரோடு மரங்கள் வந்து வளைவில் முட்டின. அக்கா கரையில் வைக்கோல் மழையங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கஞ்சியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

“நிக்குமா அக்கா?”

“நிக்கலன்னா திரும்பக் கட்டணும். கஞ்சில உப்பு போட மறந்துட்டியா?”

தண்ணீர் வடிந்தபோது தாண்டுகற்கள் ஒன்றுகூட இல்லை. பாலம் இருந்தது. அதன் பாதத்தைச் சுற்றி எங்கள் நாற்பது தப்பும் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தன. பியோ சைக்கிளை மிதித்துக்கொண்டே பாலத்தின் மேல் வந்தார். நோட்டில் எதையோ அடித்துவிட்டு எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. அடுத்த வருஷம் ஐந்நூறு மூட்டை எங்கள் ஊருக்கு வந்தது. பக்கத்து ஊர் பங்கு போட்டுத் தின்றிருந்தது, அதற்கு ஒன்றும் வரவில்லை.

ஆனால் அக்காவுக்குப் பாலம் கட்டி முடிந்தது அன்றைக்கு இல்லை. மிளகாய் காய்ந்த பிறகுதான்.

குவாக் வழக்கம்போல அக்கரையில் லாரியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தான். நாங்கள் யாரும் முதுகில் சட்டத்தை மாட்டவில்லை. அவரவர் முற்றத்தில் பாய்மேல் சிவக்கச் சிவக்க மிளகாயைக் குவித்து வைத்திருந்தோம். அக்கா அழுக்குத்துணிக் கூடையோடு பாலத்தைக் கடந்து அவன் முன்னால் போய் நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“மிளகா ஊருக்குள்ள இருக்கு. ஓட்டிட்டு வா” என்றாள்.

“பொம்பளைங்க கட்டின பாலத்து மேலயா? என் லாரி என்ன ஆகுறது?”

“உன் லாரிக்கு உசிரு இருக்கா? எனக்கு இருக்கு. இரு.”

நேரே ஓடையில் இறங்கி வளைவுக்கடியில் போய் உட்கார்ந்தாள். துணியை ஒரு கல்லில் விரித்து, துவைக்கிற கட்டையால் அடிக்க ஆரம்பித்தாள். வளைவுக்குள் அந்தச் சத்தம் பறை மாதிரி எதிரொலித்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வர்றியா? துணி முடியப்போகுது!” என்று மட்டும் கத்தினாள். இரண்டு கரையிலும் ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. குவாக்குக்கு வேறு வழியில்லை. வண்டியை நத்தைபோல நகர்த்தினான். முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் ஏறியது. அடியில் கட்டை அடிக்கும் சத்தம் நிற்கவே இல்லை. லாரி இறங்கி ஊர்ப்பாதைக்கு வந்தபோது பியோங்சில் மாமா தன் தொப்பியைத் தூக்கி எறிந்தார், அது ஓடையோடு போய்விட்டது.

அக்கா முற்றத்துக்கு வந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். குவாக் ஒரு மிளகாயை ஒடித்தான். படக்கென்று உடைந்தது.

“ஈரமா?” என்றாள்.

“இல்ல.” முகத்தைத் திருப்பிக்கொண்டு போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூட்டி ஒரு விலை சொன்னான்.

“பத்தாது.”

“அப்ப வெச்சுக்க. என்னைய விட்டா வேற யாரு உனக்கு…”

அவன் பேச்சு முடியவில்லை. பாலத்தின் மேல் இன்னொரு லாரியின் ஹாரன் கேட்டது. சந்தைப் பேட்டையிலிருந்து வந்த புது ஆள், முகம்கூடத் தெரியாது. பாதை விசாரித்துக்கொண்டு வந்திருந்தான்.

அக்கா குவாக்கைப் பார்த்துச் சிரித்தாள். “உக்காரு தம்பி, அவசரமில்ல. அவரு என்ன வெல சொல்றாருன்னு கேட்டுட்டு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.