கல்லறை இல்லாத புனிதையிடம் கொண்டுபோன கைலேஞ்சி

பாரிஸுக்கு நான் போனது ஒரு கலியாண வீட்டுக்கு. ரொறன்ரோவில் இருந்து புறப்படும் முன்பே மன்னாரில் இருந்து அம்மா எனக்கொரு வேலை தந்துவிட்டார். தபாலில் ஒரு வெள்ளைக் கைலேஞ்சி (கைக்குட்டைதான்) வந்தது, பின்னாலேயே தொலைபேசி அழைப்பும் வந்தது.

"அங்கை சண்டைக்குப் போன பொம்பிளைப் பிள்ளை ஒருத்தி புனிதையா இருக்கிறாவாம். அவவின்ர கல்லறையில தொட்டுக் கொண்டு வா. ஸ்டெலா வந்திடுவாள்."

புனிதர்களின் கல்லறையில் துணியைத் தொட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஸ்டெலா என் தங்கை. பதினேழு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் சண்டைக்குப் போனாள். யுத்தம் முடிந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் தாய்மாரோடு அம்மாவும் அவளது படத்தோடு எத்தனையோ நாள் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

கலியாண வீட்டு வேலைகளில் இருந்து எனக்கு லீவு கிடைத்தது நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தோர் திருநாளன்று. பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருக்கும் பெரியம்மாவின் மகள் றீற்றா அக்காவும் கூட வந்தார். ஆர்.இ.ஆர். டி ரயிலில் கார் து நோர் நிலையம் வர இருபது நிமிடம். ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் அக்கா வேலை செய்யும் கடையில் தேநீரும் இரண்டு றோல்ஸும் ஐந்து யூரோ. (காரம் கூட. ரொறன்ரோக்காரர் கவனம்.) லா ஷப்பல் மெட்ரோவில் இருந்து வடக்கே நேராக நடந்தால் அம்மா சொன்ன புனிதையின் கோயிலுக்குப் பதினைந்து நிமிடம், ஒரு கிலோமீட்டர் வரும். நடக்கப் பஞ்சிப்படுபவர்கள் பன்னிரண்டாம் இலக்க மெட்ரோவில் மார்க்ஸ் தொர்முவாவில் இறங்கலாம்.

இரண்டு தேவாலயங்கள் ஒட்டியபடி நிற்கின்றன. ஒன்று பழையது, சின்னது. மற்றது கோட்டை மாதிரி சாம்பல் நிறக் கொங்கிரீட், அவவின் பெயரிலேயே கட்டியது. வெளியே கவசம் போட்ட பெண்ணின் சிலை. ஜோன் ஆஃப் ஆர்க். இங்கத்தைய ஆட்களுக்கு ழான் தார்க். கமக்காரர் வீட்டுப் பிள்ளை. தாய் தகப்பனிடம் சொல்லாமல் போய்ப் படை நடத்தினா. 1429 செப்டெம்பரில் பாரிஸைத் தாக்கப் போகும் முன் இந்தப் பழைய கோயிலில்தான் செபித்தாவாம். தாக்குதல் தோற்றது, தொடையில் அம்பு பாய்ந்தது. அடுத்த வருடம் பிடிபட்டா. பிறகு வழக்கு, தீர்ப்பு. மகளுக்கு நியாயம் கேட்டுத் தாய் தள்ளாத வயதிலும் விடவில்லை. அதைப் பிறகொரு நாள் வாசித்தபோது அம்மாவின் முகம்தான் வந்தது.

பழைய கோயிலுக்குள் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு அக்காவிடம் கேட்டேன்.

"கல்லறை எங்கை அக்கா?"

"அவவுக்கு ஏது தம்பி கல்லறை? உயிரோட எரிச்சுப்போட்டுச் சாம்பலை ஆத்தில கொட்டிப்போட்டாங்கள். பத்தொன்பது வயசு." அக்கா இரண்டு மெழுகுதிரி வாங்கி ஒன்றை என் கையில் தந்தார். "அதாலதான் நான் வருசாவருசம் இண்டைக்கு இஞ்சை வாறனான். எங்கட பிள்ளைக்கும் கொளுத்த ஒரு இடமில்லைத்தானே."

எனக்குக் கோபம் வந்தது. மரித்தோர் திருநாளில் திரி கொளுத்துவதென்றால் ஸ்டெலா செத்துவிட்டாள் என்று ஒத்துக்கொள்வது. "அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். அக்கா தன் திரியைக் கொளுத்தினார். அதை நட்டுவிட்டு அவர் தனியே முழந்தாளிட்டதைப் பார்த்தபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருடம் அவரைத் தனியாக வரவிட்டிருக்கிறோம்.

வெளியே வந்து சிலையின் பீடத்தில் கைலேஞ்சியைத் தொட்டேன். அம்மாவிடம் பொய் சொல்ல மனம் வராமல் அப்போதே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, அவவுக்குக் கல்லறை இல்லையாம்."

எரித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா சொன்னார், குரலில் சந்தோசம்கூட இருந்தது:

"அப்ப நல்லதுதானே மோனை. கல்லறை இல்லாட்டி ஆரும் பிள்ளை செத்துப்போச்செண்டு சொல்லேலாது."

போகிறவர்களுக்கு: கோயில் திறக்கும் நேரத்தை முதலே விசாரியுங்கள். திரிக்குச் சில்லறை கொண்டுபோங்கள், ஒன்று இரண்டு யூரோ. கல்லறை தேடாதீர்கள். மரித்தோர் திருநாளில் போவதானால், யாருக்காகக் கொளுத்துவது என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போங்கள். கைலேஞ்சி மன்னாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் திரி கொளுத்தப்படாமல் இன்னும் கோட்டுப் பைக்குள்ளேயே கிடக்கிறது.