கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

“பவுடர் ஏன் போட்டே அம்மா? வாஸ் ஐ டர்ட்டி?”

நாங்கள் குடியிருக்கும் கேட்டி நகருக்குத் திரும்பும் ஃப்ரீவேயில், பின் சீட்டிலிருந்து என் ஐந்து வயது மகள் கேட்டது இது. சில மாதங்கள் ஆகிவிட்டன. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

எங்கள் தமிழ்ச் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. அந்த வாரப் பாடம், இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கியது. அரைகுறையாக எதையும் செய்யப் பயப்படுகிறவள் நான். ஆகவே மோசே காலத்துச் சட்டங்களையும் எடுத்துப் படித்தேன். தோலில் வெள்ளைத் தடம் வந்தவன் ஆசாரியன் எனும் மதகுருவிடம் போய்க் காட்ட வேண்டும். தடத்திலுள்ள முடி வெளுத்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். சந்தேகம் என்றால் ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்ப்பார். தீட்டு என்று முடிவானால் அவன் குடியிருப்புக்கு வெளியேதான். அங்கே குஷ்டம் என்று சொன்னது பலவகைத் தோல் கோளாறுகளை, துணியிலும் சுவரிலும் படர்ந்த பூசணத்தைக்கூட, என்றும் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவு படித்தவளுக்கு நிதானம் வந்திருக்க வேண்டும். அதே வாரம் மகளின் இடது கன்னத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளிறிய திட்டு தெரிந்தது.

“ட்ரை ஸ்கின்டி. வாஸலின் போடு, சரியாயிடும்,” என்றார் கணவர்.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வியாழன்தான் கிடைத்தது. அதுவரை தினமும் காலையில் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, போன் வெளிச்சத்தில் அந்தத் திட்டின் பூனைமுடி வெளுத்திருக்கிறதா என்று பார்த்தேன். ஆசாரியன் செய்த வேலையைத்தான் செய்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. ஞாயிறன்று சபைக்குக் கிளம்பும்போது என் காம்பாக்ட் பவுடரை அதன்மேல் அப்பினேன்.

வகுப்பில் நாடகம். குஷ்டரோகியாக நடிக்கிறவருக்கு ஒட்ட வெள்ளை ஸ்டிக்கர்கள் வைத்திருந்தேன். “யக்!” என்று ஒரே சத்தம்; யாரும் வரவில்லை. என் மகள் எழுந்தாள்.

“ஸ்டிக்கர் வேண்டாம் அம்மா. ஐ ஆல்ரெடி ஹாவ் ஒன்.” சட்டைக் கையால் கன்னத்தை அழுந்தத் துடைத்து எல்லோருக்கும் காட்டினாள்.

இயேசுவாக நடித்த சிறுமிக்குக் கையால் தொடத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவளோ ஓடிவந்து தன் கன்னத்தை அந்தத் திட்டின்மேலேயே ஒட்டவைத்துக்கொண்டாள்.

அதற்குள், சபையில் சமையலைக் கவனிக்கும் ஆன்ட்டி சாப்பிடக் கூப்பிட வந்து வாசலில் நின்றிருந்தார்.

“ஆன்ட்டி, அது வந்து... வியாழக்கிழமை டாக்டர்கிட்ட காட்டறோம். ஒட்டாதுன்னுதான் நினைக்கிறேன்...”

“நான் ஏதாவது கேட்டனா? பாடம் நடத்துற டீச்சரே இப்படி நடுங்கினா எப்படிம்மா? சோறு ஆறுது, வாங்க எல்லாரும்.”

மகளை மடியில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்தே தயிர்சாதம் ஊட்டினார். அவளுக்கு ஒரு வாய், அதே கையால் தனக்கு ஒரு வாய். தீட்டைத் தொட்டவருக்கும் தீட்டு என்பது அந்தக் காலத்து விதி. இயேசு தொட்டபோது மட்டும் சுத்தம்தான் நோயாளிமேல் ஒட்டியது என்று அன்று காலை போர்டில் எழுதிப் போட்டவள் நான். அதன் அர்த்தம் அந்தத் தட்டருகில்தான் எனக்கு விளங்கியது.

பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான், ஒட்டாது, தானாக மறைய மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். கிரீமும் சன்ஸ்கிரீனும் போடச் சொன்னார். ஒட்டாது என்று ஒரு லெட்டர் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

“யாரிடம் காட்ட?” என்றார். ஸ்கூலில் யாரும் கேட்கவில்லை. சபையிலும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில்தான், ஞாயிறன்று போட்ட பவுடரைப் பற்றிய அந்தக் கேள்வி. “பசிக்குதாடா?” என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

திட்டு இப்போது ஏறக்குறைய மறைந்துவிட்டது. கடவுளுக்கும், அந்தச் சிறுமிக்கும், ஆன்ட்டிக்கும் தினமும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். ஆனால் ஞாயிறுதோறும் மகள் அந்தப் பவுடர் டப்பாவை எடுத்துவந்து, கண்ணை மூடி, இடது கன்னத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வேண்டாம்மா என்றால், “ஆர் யூ ஷ்யூர்?” என்கிறாள்.

பயந்தது அம்மாதான், உன்மேல் ஒரு அழுக்கும் இல்லை என்று சொன்னால் ஐந்து வயதுக்குப் புரியுமா? சொல்லாமல் விட்டால் மறந்துவிடுவாளா, அல்லது மறக்கவே மாட்டாளா? பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.