கதிர்காமம் போக எடுத்த ரயர்

எங்கள் வீட்டு ஜீப்பின் முன்சீற் என்னுடையது. மகன் அதை வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்திய அன்றே நான் சீலையை ஒதுக்கிக்கொண்டு நேரே போய் முன்னால் ஏறி இருந்தேன். அன்றிலிருந்து அது அப்படித்தான். மகன் ஓட்டுவான். நடுச்சீற்றில் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் யன்னல் கரைக்கு அடிபடுவார்கள். மருமகள் கடைசிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆகப் பின்னால், சில்லுக்கு மேலே வருகிற சீற்றில் இருப்பாள். சின்னவளுக்கு ஓட்டத்தில் சத்தி வரும். பின்னால் இருந்தால் மற்றவர்கள் மேல் படாது என்று அப்படி ஒரு ஏற்பாடு.

ஜீப்பை முன்பு வைத்திருந்தவர் அதற்குப் பெரிய பெரிய பல்லு வைத்த ரயர் போட்டிருந்தார். சேற்றுக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஓடுகிற ரயராம். தார் றோட்டில் அது உறுமிக்கொண்டுதான் போகும். ஒழுங்கைக்குள் திரும்ப முன்னமே அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். மகனுக்கு அதில் பெரிய புளுகம், பெருமை. எனக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன். "சத்தத்திலையே தெரியும், உங்கடை ஜீப் வருகுதெண்டு" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் சொன்னாள். "பின்னை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அந்த ரயருக்கு இரக்கம் என்பது கிடையாது. றோட்டில் ஒரு சின்னக் கல்லுக் கிடந்தாலும் அது நேரே என் இடுப்புக்கு வந்துவிடும். புகையிலைக் கன்றுக்கும் வெங்காயத் தறைக்கும் குனிந்து குனிந்து தேய்ந்த இடுப்பு இது. வீட்டுக்கு வந்து இறங்கும்போது உடனே கால் எடுத்து வைக்க முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு சீலைக் கொய்யக மடிப்பைச் சரிபார்க்கிற மாதிரி நிற்பேன். இடுப்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு நிமிர்ந்து நடப்பேன். பார்க்கிறவர்கள், மனுசி இந்த வயதிலும் சீலை குலையாமல் நிற்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. மகன் பள்ளிக்கூட விடுமுறைக்கு எல்லோரையும் கதிர்காமம் கூட்டிப்போக நினைத்திருந்தான். எனக்குக் கதிர்காமம் அதுவரை வாய்க்கவில்லை. கலியாணம் செய்த புதிதில் கையில் ஒன்றும் இல்லை. பிறகு சண்டையில் பாதை இல்லை. பாதை திறந்தபோது இவர் படுக்கையில் விழுந்துவிட்டார். இவர் போன பிறகு, கூட்டிக்கொண்டு போ என்று ஒருவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதுதான் கேட்காமலே ஒரு வழி வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து மகன் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மருமகளிடம் சொல்லிக்கொண்டு நின்றான்.

"அம்மாவுக்கு உவ்வளவு தூரம் ஏலாதப்பா. மாமா வீட்டிலை விட்டிட்டுப் போவம்."

மாமா என்றது என் தம்பியை. அவன் வீட்டில் விட்டுவிட்டுப் போக நான் என்ன பூனைக்குட்டியா? கிணற்றடியில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. இடுப்பு நோகுது என்று ஒரு சொல்லு வெளியே போனால் என் பயணம் முடிந்தது என்று அப்போதே விளங்கிவிட்டது.

பிறகு ஜீப்பைச் சேர்விசுக்கு விட்ட இடத்தில், ரயர்கள் பக்கப்பாட்டில் வெடிப்புக் கண்டுவிட்டன, இதோடு தூரப் பயணம் போனால் வழியில் கிழியும் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காலம் என்று நினைத்தேன். மாற்றுகிறதுதான் மாற்றுகிறான், மெத்தென்று ஓடுகிற ரயராக எடுத்தால் கதிர்காமம் வரை தாக்குப்பிடித்துவிடுவேன். ஆனால் அதை எனக்காக என்று கேட்கக் கூடாது. வேறு காரணம் வேண்டும்.

காரணம் என் மடியிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இணுவில் கந்தசாமி கோயிலுக்கு அபிசேகத்துக்குச் செம்பில் பால் கொண்டு போவேன். அந்தக் கிழமை கோயிலால் வருகிற வழியில் ரயர்க் கடைக்குப் போனோம். பிள்ளைகளை வீட்டில் என் தம்பி பெண்சாதி பார்த்துக்கொண்டு நின்றாள். மகன், மருமகள், நான், என் வெறுஞ்செம்பு.

கடை முழுக்கப் புது றப்பர் மணம். ரயர்களைக் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். முதலாளி ஒரு நடுத்தர வயதுப் பிள்ளை, ஆறுதலான பேச்சு.

"முந்திப் போட்ட மாதிரியே வேணுமோ அண்ணை, இல்லாட்டி றோட்டு ரயர் போடுவமோ?"

"முந்தின மாதிரித்தான். ஜீப் எண்டால் ஜீப் மாதிரி இருக்க வேணும்" என்றான் மகன்.

"கூட எங்கை ஓடுறனீங்கள்?"

"எல்லா இடமும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கையடா எல்லா இடமும்? வேலை செய்யிற கந்தோர், கோயில், உன்ரை மாமியார் வீடு. உதிலை எங்கை காடு கிடக்கு?"

"மாமியார் வீட்டு ஒழுங்கை காடுதானே, எணை அம்மா."

"என்ரை அம்மா வீட்டை இழுக்காதேங்கோ" என்றாள் மருமகள். "போன கிழமை அந்தக் காட்டுக்குள்ளை போய்த்தான் நண்டுக்கறி ரண்டாந்தரமும் வாங்கித் திண்டனீங்கள்."

முதலாளி சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பினார். மகன் விடவில்லை. "இப்ப கதிர்காமம் போறம். அது காட்டுப் பாதைதானே."

"காட்டுக்குள்ளாலை போறது அண்ணை, ஆனால் மழமழவெண்ட காப்பெற் றோட்டு" என்றார் முதலாளி.

நான் இடையில் புகுந்து செம்பை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு வெள்ளியும் பால் அரைவாசி என் மடியில்தான் ஊற்றுப்படுகிறது, சுவாமிக்கு மிச்சம்தான் போகிறது, ஆட்டாத ரயர் வேண்டும் என்றேன். முதலாளி அதைக் கேலியாக எடுக்கவில்லை. தன் வாகனமும் இதே சாதிதான், றோட்டு ரயர் போட்டிருக்கிறது, இரண்டிலும் சந்தி வரை போய்ப் பாருங்கோ என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். கடைக் குழாயில் செம்பு நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு எங்கள் ஜீப்பில் முன்னால் ஏறினேன். திரும்பி வரும்போது மடி நனைந்திருந்தது. பிறகு மறுபடி நிறைத்துக்கொண்டு முதலாளியின் வாகனத்தில் ஏறினேன். அது வழுக்கிக்கொண்டு போன மாதிரித்தான் இருந்தது. இடுப்புக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் தண்ணீர் பிறகும் சிந்தியது. குறைவுதான், என்றாலும் சிந்தியது.

மகன் என் கையையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"ரயர் இல்லையம்மா. உங்கடை கைதான் நடுங்குது. இதுக்குத்தான் சொல்லுறன், கதிர்காமம் உங்களுக்குச் சரிவராது. மாமா வீட்டிலை ஆறுதலா நில்லுங்கோவன்."

என் சோதனை என் தலையிலேயே விழுந்தது. நடுங்கவில்லை என்று சொல்லக் கையைத் தூக்கினேன். கை நடுங்கியது. வேறு ஒரு வாகனம் காற்றடிக்க வந்து நின்றது, அந்தச் சத்தத்தில் என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மருமகள் பார்த்திருக்கிறாள். வந்து செம்பை என் கையிலிருந்து வாங்கினாள். குழாயில் நிறைத்தாள். எங்கள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, தான் வழமையாக இருக்கிற அந்தக் கடைசிச் சீற்றில் ஏறி இருந்தாள்.

"எனக்குக் கை நடுங்காது. இப்ப ஓடுங்கோ பாப்பம்."

அவர்கள் போய் வரும் மட்டும் நான் கடை வாசலில் ஒரு பழைய ரயருக்கு மேல் இருந்தேன். வந்து நின்றது. மகன் இறங்கிவிட்டான். அவள் இறங்கவில்லை. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். மடி, கால், சீற் எல்லாம் ஈரம். செம்பில் அடி மட்டுக்குத்தான் தண்ணீர் இருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே விட்டபடி, மற்றக் காலை எடுக்காமல் அப்படியே இருந்தாள். எனக்கு அந்த இருப்புத் தெரியும். சீலைக் கொய்யகம் மட்டும்தான் இல்லை.

மகன் சிரித்துக்கொண்டு வந்தான். "என்ன, குளிச்சிட்டியோ?"

"முன்னுக்கு இருந்து ஓட்டுற உங்களுக்குச் சிரிப்பு வரும்" என்றாள். "ஒருநாளெண்டாலும் இதிலை வந்து இருந்து பாத்தனீங்களே? வயித்தை வெட்டிப் பிள்ளை எடுத்தனான். ஒவ்வொரு குழிக்கும் இடுப்பு நாரி கழண்டு விழுற மாதிரிக் கிடக்கு."

"இதை முந்திச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது? மாமி உந்த வயதிலை ஒரு சொல்லுச் சொல்லாமல் நிமிந்து இருந்து வாறா. நான் சொன்னால், அம்மாவே பேசாமல் வாறா, உனக்கென்ன எண்டு கேக்க மாட்டியளோ?"

இதை அவனுக்குத்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவும் இல்லை. என் நோவை நான் மறைத்தால் அது என்னோடுதான் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். வீட்டில் மூத்தவள் ஒன்றைச் சொல்லாமல் விட்டால், அவளுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் அதைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. அதை நான் யோசிக்கவில்லை. நான் நல்ல சீற்றில் இருந்துகொண்டு பல்லைக் கடித்தேன். அவள் கெட்ட சீற்றில், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தானும் பல்லைக் கடித்திருக்கிறாள்.

இப்போது நான் பேசாமல் நின்றால் அவள் சொன்னது பொய்யாகிவிடும். பேசினால் கதிர்காமம் போய்விடும். செம்பை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்.

"எனக்கும் நோகுது, தம்பி."

"எப்ப தொடக்கம்?"

"நீ வாங்கின நாள் தொடக்கம்."

அவன் ஜீப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்ப கதிர்காமம்?" என்றான்.

"வருவன்."

"நோவோடையோ?"

"நோவு என்ரை. நீ ரயரைப் பார்."

"மாமியை விட்டிட்டுப் போறதெண்டால் என்னையும் விட்டிட்டுப் போங்கோ" என்றாள் மருமகள், இன்னும் அந்தச் சீற்றில் இருந்தபடி. "மூண்டையும் நீங்களே கூட்டிக்கொண்டு போய், சத்தியும் துடைச்சு, சோறும் தீத்திப்போட்டு வாங்கோ."

முதலாளி இருமினார். றோட்டு ரயர் போட்டாலும் நோவு முழுக்கப் போகாது, காற்றை அளவாக விட வேண்டும், குழி கண்ட இடத்தில் மெல்ல எடுக்க வேண்டும், இடைக்கிடை ஆட்களை இறக்கி நடக்கவிட வேண்டும் என்று மகனுக்குச் சொன்னார். மகன் தலையை ஆட்டினான். "சரி, இறக்குங்கோ, பாப்பம்" என்றான்.

இரண்டு விதம் இறக்கி வைத்தார்கள். ஒன்றில் வெள்ளை எழுத்துப் பெரிதாக, பார்க்க எடுப்பாக இருந்தது. எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. தமிழையும் நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இலக்கம் தெரியும். ரயர் செய்த ஆண்டு அதன் பக்கத்தில் இலக்கமாக இருக்கிறது, அதைப் பாருங்கோ என்று முதலாளி காட்டினார். வெள்ளை எழுத்து ரயர் கனகாலமாகக் கடையில் கிடந்தது. மற்றது புதிது. கத்தரிக்காய் பார்க்கிற மாதிரிப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. புதிதையே போடச் சொன்னேன்.

நாலும் பூட்டி முடிய மகன் தள்ளி நின்று பார்த்தான். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் செருப்புப் போட்ட மாதிரிக் கிடக்கு" என்று முணுமுணுத்தான். சொல்லப்போனால் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒழுங்கைக்குள் அன்று ஒருவருக்கும் எங்கள் சத்தம் கேட்டிருக்காது.

விடுமுறை வர, விடியப் புறப்பட்டோம். நான் முன்சீற்றில்தான் ஏறினேன். ரயர் நன்றாகத்தான் ஓடியது. முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கிற மாதிரி நாங்களும் நின்றோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பிள்ளைகளுக்குக் கச்சான் கடலை வாங்கி, எல்லோரும் இறங்கி நடந்தோம். திரும்பி ஏறும்போது சின்னவளை நான் தூக்கினேன்.

"நீ முன்னாலை இரு, பிள்ளை" என்றேன் மருமகளிடம்.

"ஐயோ மாமி, வேண்டாம். உங்களுக்கு அங்கை ஏலாது."

"மதவாச்சி மட்டும்தான். பிறகு என்ரை சீற் எனக்கு."

பின்சீற் எனக்குப் புதிய இடம். அங்கே இருந்தால் முன்னுக்கு வருகிற குழி தெரியாது. வந்த பிறகுதான் தெரியும். முன்சீற்றில் இருந்தால் கண்டு, கையை ஊன்றி ஆயத்தமாகலாம். இங்கே பிள்ளையைப் பிடிப்பதா, தன்னைப் பிடிப்பதா? ஓரிடத்தில் றோட்டு வேலை நடந்தது. ஜீப் தாரை விட்டுக் கீழே இறங்கி ஏறியது. புது ரயர்தான், என்றாலும் ஒரு குத்துக் குத்தியது.

"தம்பி, மெல்ல! பின்னுக்கு நோகுது!" என்று கத்தினேன். என் வாயால் அப்படி ஒரு சொல்லு வந்ததைக் கேட்டு நடுச்சீற்றுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தது.

மதவாச்சி வந்தது. மருமகள் முன்சீற்றில் யன்னலில் தலை சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்தபடி நித்திரை. மகன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தான்.

"எழுப்பட்டோ, எணை?"

"பேசாமல் ஓடு" என்றேன்.