அண்ணன் தாண்டிப்போன பக்கங்கள்

ஒருவர் நாவலை எப்படிப் படிக்கிறார் என்று கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று நான் சொல்லிவிடுவேன். ஜோசியருக்குக் கொடுக்கும் தட்சிணையில் பாதியை எனக்குத் தரலாம். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. பந்தியில் பாயசம் உண்டா என்று விசாரித்துவிட்டு இலையில் உட்காருகிற ரகம் அவர்கள். வர்ணனையைத் தாண்டி ஓடுகிறவர்கள் அவசரக்காரர்கள், மற்றபடி நல்லவர்கள். அழுகை வருகிற இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு வெற்றிலை துப்ப எழுந்து போகிற ஆண்பிள்ளைகளும் உண்டு. என் வீட்டுக்காரர் அந்த ரகம். அவரை எனக்குப் பிடித்துப் போனதே அதனால்தான்.

ஆனால் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத ஒருத்தி நாவல் கேட்ட கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன். அவள் மருதாத்தாள், என் அண்ணன் ரத்தினசாமியின் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம். எருத்தேம்பதியில் பிறந்து, நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். பள்ளிக்கூடத்து வாசலை மழைக்கு ஒதுங்கக்கூட மிதித்ததில்லை. பஸ்ஸில் ஏறும்போது போர்டைப் பார்க்கமாட்டாள், டிரைவர் முகத்தைப் பார்த்து ஏறுவாள். ஒருநாளும் தப்பான பஸ்ஸில் ஏறியதில்லை. வயலில் களையெடுக்கும் பெண்களால் அவளை ஏமாற்ற முடியாது. வரப்பில் நின்றபடியே, 'அந்த மூலையில கையே வெக்கல போலிருக்குது' என்பாள். போய்ப் பார்த்தால் களை அப்படியே நிற்கும்.

அண்ணன் வியாழக்கிழமை தோறும் கடலைக்காய் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவான். திரும்பும்போது பழைய புத்தகக்காரனிடம் ஒரு நாவல் வாங்கி வருவான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பான். நங்கை எதிரில் உட்கார்ந்து கேட்பாள். அம்மா பொன்னாத்தாள், எனக்கென்ன கதை வேண்டிக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே கட்டிலைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

அண்ணன் நன்றாகப் படிப்பான். பெண் பேசும் இடத்தில் குரலைத் தணித்துக்கொள்வான். மாட்டை அடிக்காத ஆள். அம்மாவை எதிர்த்து ஒரு சொல் பேசாத ஆளும்கூட. இரண்டும் ஒரே குணம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போய் வந்தார்கள். அப்புறம் மாசி மாதத்தில் டாக்டர் வரச் சொன்னதாக அண்ணன் மட்டும் தனியாகப் போனான். 'பொறுத்துப் பாக்கச் சொல்றாங்க' என்று வந்து சொன்னான். அந்த ஆடியில் நங்கை கோயில் நடையில் வெறுந்தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து மண்சோறு சாப்பிட்டாள். வெயிலுக்கு அண்ணன் பக்கத்தில் குடை பிடித்து நின்றான்.

கேரளா என்று புது மாநிலம் பிறந்ததற்கு அடுத்த வருஷம் அது. எனக்குத் தலைப்பிரசவம். கட்டுச்சோறு ஆக்கிக் கொண்டுவந்து என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அந்தச் சோற்றை விடியுமுன் எழுந்து ஆக்கியவள் நங்கை. ஆனால் எனக்குச் சந்தனம் பூச அவளை விடவில்லை. 'நீ அடுப்படியில இரு, கூட்டத்துக்கு முன்னால வராத' என்று அம்மா சொன்னாள். எனக்குப் பூசிய சந்தனமெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டில் அம்மா பேசினால் நாங்கள் யாருமே வாயைத் திறப்பதில்லை.

நான் வந்த சமயம் அண்ணன் படித்துக்கொண்டிருந்த நாவலுக்கு அட்டை கிடையாது, பெயரும் தெரியாது. கதையில் வசுமதி என்று ஒருத்தி. கல்யாணமாகி வெகுநாளாகியும் பிள்ளை இல்லை. மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லி நச்சரிக்கிறாள். இதைப் போய் இந்த வீட்டில் படிக்கிறானே என்று நினைத்தேன். பாதி வரை வந்துவிட்ட கதையை நிறுத்தினால் ஏன் என்று கேள்வி வருமே, அதனால் படித்தான்போலும்.

அம்மா ஒரேயடியாக மாமியார் பக்கம். "அவ சொல்றதுல என்ன தப்புங்கறேன்? காடு தோட்டமெல்லாம் அப்பறம் யாருக்கு? காக்காய்க்கா?" என்பாள். நங்கை கடலைக்காயை உரித்துக்கொண்டே அண்ணன் முகத்தைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை குப்பண்ண மாமன் வீட்டுக்குப் போகிறோம் என்றாள். மாமன் மகளை அண்ணனுக்குப் பேசி முடித்தாயிற்று, உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ளத்தான் பாக்கி. எங்கள் பக்கத்தில் அது மாறிவிட்டால் கல்யாணம் நிச்சயம்.

"நங்கைக்குத் தெரியுமாம்மா?"

"மாத்திட்டு வந்து சொல்லிக்கலாம். நீ வாயக் கொடுத்துத் தொலச்சராத."

"அண்ணன் என்ன சொல்லுது?"

"அவன் என்னத்தச் சொல்றது? சும்மாத்தான் உக்காந்திருக்கறான்."

இரண்டாம் கல்யாணம் கூடாதென்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சட்டம் கொழிஞ்சாம்பாறை ரோட்டைத் தாண்டி எங்கள் ஊருக்குள் இன்னும் வந்து சேரவில்லை. நங்கை என்ன ஆவாள் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எருத்தேம்பதியில் அவளுக்கு அண்ணன்மார் இருந்தார்கள், அந்த அண்ணன்மாருக்குப் பெண்டாட்டிகளும் இருந்தார்கள். அங்கே போனால் அவள் வேண்டாத விருந்தாளி. இங்கே இருந்தால் சின்னவளின் பிள்ளைக்குத் தொட்டிலாட்டிக்கொண்டு சாணி அள்ளலாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சீரகத்தண்ணீர் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமும் அண்ணன் படித்தான். சனிக்கிழமை காலையில் நங்கை என்னிடம் வந்தாள்.

"அம்மிணி, நேத்து உங்கொண்ணன் கதையில நடுவால கொஞ்சம் உட்டுட்டுப் போயிட்டாரு."

"எப்படித் தெரியுமுங்க நங்கை?"

"அந்தப் புள்ள அடுப்படியில அழுதுட்டு நின்னா. அடுத்தாப்பல பாத்தா கோயில்ல நிக்கறா. நடுவால அவ புருசன் எங்கியோ போயிட்டு வந்திருக்கறான். உங்கொண்ணன் நாலஞ்சு தாளச் சேத்துப் புடிச்சுத் திருப்புனாரு."

"பழைய பொஸ்தகமுங்க. தாள் ஒட்டிக்கிட்டிருக்கும்."

"ஒட்டுன தாள எச்சி தொட்டுப் பிரிப்பாரு. நேத்து வெரல வாய்க்கிட்டயே கொண்டுபோகல. படிக்கற கொரலும் அப்பறம் ஓடுச்சு."

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுல அவன் வேற பொண்ணப் பாத்துட்டு வந்திருப்பான். அதான் இவருக்கு வாய் வரல. நாளைக்கி மாமன் ஊட்டுக்கு வண்டி எதுக்குப் பூட்டறாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கறீங்களா எல்லாரும்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வழக்கமாகச் சுவர் மாடத்தில் கிடக்கும் புத்தகத்தை அண்ணன் கடலைக்காய் மூட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். வீட்டில் எது எங்கே ஒளிந்திருக்கும் என்று நங்கைக்குத் தெரியாதா? எடுத்து முந்தானைக்குள் வைத்திருந்தாள். அம்மா தோட்டத்துப் பக்கம் போனதும் மாட்டுச் சாளைக்குள் என்னைக் கூட்டிப் போனாள். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரவைத்து, "அந்த எடத்தப் படி கண்ணு. எதா இருந்தாலும் படி" என்றாள்.

நானும் அந்த இடத்தில் பெண் பார்க்கும் படலத்தைத்தான் எதிர்பார்த்தேன். வசுமதியின் கணவன் ஒரு டாக்டர் வீட்டுக்கு, தனியாகப் போகிறான். டாக்டர் அவனை உட்காரச் சொல்கிறார். அடுத்த வரி கண்ணில் பட்டதும் என் நாக்கு நின்றுவிட்டது.

மாசி மாதம் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நானும் தாண்டிவிடலாம், அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று தோன்றியது. என்ன இருந்தாலும் அவன் என் கூடப்பிறந்தவன். நிமிர்ந்து பார்த்தேன். நங்கை என் வாயைப் பார்க்கவில்லை. தாளைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படித்தேன். "'உங்கள் மனைவியிடம் ஒரு குறையும் இல்லை. வீணாக அவளை மருந்து குடிக்க வைக்காதீர்கள். குறை உங்களிடம்தான் இருக்கிறது' என்றார் டாக்டர். அவன் எழுந்துகொண்டான். 'இது நம் இருவரோடும் போகட்டும்' என்றான்." அதன் பிறகு அவன் வீட்டுக்கு வருகிறான். அவனுடைய அம்மா வசுமதியை மலடி என்று ஏசிக்கொண்டிருக்கிறாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்காருகிறான்.

மாடு ஒன்று வாலை வீசியதில் புத்தகத்தின் மேல் வைக்கோல் விழுந்தது. நங்கை அதை எடுத்துப் போட்டாள்.

"ஆடியில நான் மண்சோறு திங்கறப்ப," என்றாள், "அவரு கொடை புடிச்சுட்டு நின்னாரே அம்மிணி." அவ்வளவுதான் சொன்னாள். அழுதது நான்தான்.

"கடைசியில என்ன ஆவுதுன்னு பாத்துச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்ட எனக்கே கை பரபரத்தது.

"வேண்டாம். இது போதும்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பகல் நகரவே இல்லை. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாமல் நான் அவள் பின்னாலேயே வயிற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கிணற்றுப் பக்கம் தண்ணீருக்குப் போனாலும் கூடவே போனேன். அவள் எப்போதும்போலத் தவிடு கலக்கினாள், களி கிண்டினாள். சாயங்காலம் அம்மா புதுத் துணியில் உப்பு ஒரு முடிச்சும் சர்க்கரை ஒரு முடிச்சும் கட்டி, நடைப் பலகையில் வைத்தாள். நங்கை அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள்.

சாப்பாடு ஆனதும் அண்ணன், "இன்னிக்குக் கதை வேண்டாம், ஒடம்பு அசதியா இருக்குது" என்றான். நங்கை விளக்கைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். புத்தகத்தை விரித்து வைத்தாள். பக்க அடையாளத்துக்கு ஒரு வைக்கோல் துண்டு.

"ஏனுங்க, நேத்து இந்த எடத்துல உட்டுட்டீங்க. இங்கிருந்து படிங்க."

அண்ணன் பக்கத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"படியேண்டா. மொகத்த மொகத்தப் பாத்துட்டு" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

"உங்களால முடியலீன்னா அம்மிணி படிக்குமுங்க" என்றாள் நங்கை.

அவன் படித்தான். கதை டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்ததும் நிறுத்தித் தண்ணீர் கேட்டான், அவள் கொடுத்தாள். மறுபடி படித்தான். டாக்டர் சொன்னதைப் படித்தான். வசுமதியின் கணவன் எழுந்ததையும், வீட்டுக்கு வந்ததையும், தன் அம்மா ஏசும்போது கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்ததையும் ஒரு சொல் விடாமல் படித்தான்.

அம்மா கட்டிலை விட்டு எழுந்தேவிட்டாள். "த்தூ! இவனெல்லாம் ஒரு ஆம்பளையா! கொறைய இவன் வெச்சுட்டு, பொண்டாட்டிய ஊரே பேசறதக் கேட்டுட்டு எப்படிடா சோறு எறங்குது இவனுக்கு?"

அண்ணன் புத்தகத்தை மடியில் கவிழ்த்தான்.

"அது நாந்தாம்மா" என்றான்.

"என்னடா ஒளர்ற?"

"மாசியில கோயமுத்தூர் போனேனல்ல. டாக்டரு எங்கிட்டயும் இதையேதான் சொன்னாரு. இவகிட்ட ஒரு கொறையும் இல்ல. நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்."

அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு நங்கையைப் பார்த்தாள். நங்கை எழுந்து போய் நடைப் பலகையில் இருந்த இரண்டு முடிச்சுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உப்புச் சாடியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் எதிரில் உட்காராமல் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மிச்சத்தையும் படிங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பூட்டவில்லை. குப்பண்ண மாமன் கோபித்துக்கொண்டு வெகுநாள் வாசல் மிதிக்காமல் இருந்தார். அம்மா தன் வாயால் தப்பு என்று சொன்னதில்லை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பொஸ்தகத்தால் வந்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் என் மகள் பிறந்ததும் துணியில் சுற்றி முதலில் நங்கை கையில் கொடுத்தாள். அண்ணன் குடை பிடித்து நின்றதை நங்கை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

அடுத்த வியாழக்கிழமையும் அண்ணன் சந்தையிலிருந்து நாவல் வாங்கி வந்தான். அன்றிலிருந்து படிப்பது அண்ணன், தாள் திருப்புவது நங்கை. பக்கத்தின் கடைசி வரிக்கு அவன் வந்துவிட்டது அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, சரியாக விரலில் எச்சில் தொட்டு, ஒட்டிய தாளைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திருப்புவாள்.