கைநாட்டு வைக்காமல் கொடுத்த சதை

விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் அரிசி மில் கட்டினேன். கெடாரில் பாறையை உடைத்துக் கிணறு இறக்கினேன். இரண்டு லாரி ஓட்டினேன். பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றவன் நான். எதற்கும் அஞ்சாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். அது பொய். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா முன்னால் நடுங்கியிருக்கிறேன்.

யுத்த காலம். அப்போது மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி. டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "இது இன்னான்னு எனக்கே தெரியலப்பா" என்றார். தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் அதுவரை கண்டதில்லை. அதே கட்டியோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த மல்லாட்டைக் கடலை வியாபாரி அன்று காலையில்தான் செத்திருந்தார்.

"கட்டிய அறுத்துடலாம். அறுத்த சதையத் தூக்கிப் போடாம மெட்ராசுக்கு அனுப்பட்டுமா? அங்க பெரிய டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணுவாங்க. உனக்கு உதவுமான்னு சொல்ல முடியாது. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்" என்றார் டாக்டரம்மா.

என் மனைவி அழுதாள். "வேணாங்க. சதை ஒரு எடம், உடம்பு ஒரு எடம்னு கெடந்தா, செத்தா ஆவி எப்படிங்க அடங்கும்?"

கம்பவுண்டர் காகிதத்தையும் மையையும் நீட்டினார். என் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொண்டது. எங்கள் தெருவில் காகிதத்தில் விரல் வைத்தவர்கள் எல்லாம் குடியிருந்த மனையை இழந்தவர்கள். என் அப்பாவும் அப்படித்தான்.

"முழுக் கழுத்தையும் எழுதி வாங்கிக்கினீங்கன்னா?" என்றேன்.

"உன் கழுத்த வச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது? என் கழுத்துக்கே ஒழுங்கா ஒரு காலர் இல்ல" என்றார் கம்பவுண்டர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து மேசைக்குள் போட்டார். "ரேகை வேணாம். வாயால சொல்லு. குடுக்கலன்னாலும் அறுத்து விடறேன். சதைய நீயே எடுத்துக்கினு போய்ப் பொதைச்சிடு."

எங்கள் சனத்திடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை. காலியாய்க் கிடந்த அந்தக் கட்டிலைப் பார்த்தேன். பல் கிட்டிக்கொண்டிருந்தது. "குடுக்கறேங்க" என்றேன்.

சதை மருந்துப் புட்டியில் ரயிலேறியது. நான் பிழைத்தேன். ஆனால் பல வருஷம், லேசாகத் தலை வலித்தாலும் அந்தச் சதை என்னைக் கூப்பிடுகிறது என்று வேர்த்துக் கொட்டும். இந்தப் பயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று அந்தக் கட்டிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், மருந்தும் இருக்கிறது. கண்டுபிடித்தவர்களைப் புகழ்கிறார்கள், புகழட்டும். என் புட்டியில் ஒட்டியது ஓர் எண் மட்டும். காகிதம் இல்லாததால் என் பேர் எங்கும் கிடையாது. பயந்துகொண்டே கொடுத்தாலும் கொடுத்தவன் நான். கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் என் பேரையும் எழுதுங்கள். டாக்டரம்மா பேருக்குக் கீழே இருந்தால் போதும். மற்றவர்கள் எல்லாருக்கும் மேலே இருக்கவேண்டும்.